சிடி பிளேயரின் பிக்கப்பை நாமே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

டிஸ்க் போட்டால் கொஞ்சம் சுற்றுகிறது, நின்றுவிடுகிறது, திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வருகிறது. ஹை-ஃபை சிடி பிளேயர் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைப் பார்த்தே தீர வேண்டும். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் முப்பது வருஷம்கூட ஓடிவிடும். சிடி பிளேயரில் முதலில் படுப்பது பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கும் பாகம்தான். அதில் மோட்டார் இருக்கிறது, கியர் இருக்கிறது, மெல்லிய கம்பிகளிலோ கீல்களிலோ மிதக்கும் லென்ஸ் இருக்கிறது, ஓட ஓட ஒளி குறைந்துகொண்டே வரும் லேசர் இருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்போது இந்த ஒரு பாகத்துக்காக மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

மாற்றும் வேலை அவ்வளவு பெரியதில்லை. கெட்டுப்போனது அதுதானா என்று உறுதி செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். புதுப் பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்து டிஸ்க்கைப் படிக்கும் பாகம்) போட்டும் ஓடவில்லை என்று புலம்புகிறவர்களிடம் விசாரித்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். பழைய பிக்கப்பில் கோளாறே இருந்திருக்காது, அல்லது புதியதைப் பொருத்தும்போதே கொன்றிருப்பார்கள். அதனால் அந்த இரண்டு இடங்களில்தான் இங்கே அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

கண்ணும் கையும்

சிடி பிளேயரின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அது கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாத அகச்சிவப்பு எல்லையில் வருகிறது. லென்ஸில் மங்கலான சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். ‘இவ்வளவு மங்கலாக இருக்கிறதே’ என்று குனிந்து உற்றுப் பார்க்கத் தோன்றும், அதுதான் ஆபத்து. கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், உள்ளே போவது அதிகம். லென்ஸுக்கு நேர் மேலே கண்ணை வைக்காதீர்கள். ஒரு அடிக்கு மேல் தள்ளி நின்று, பக்கவாட்டில் சாய்வாகப் பார்த்தால் போதும்.

மேல்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை உள்ள பிளேயர்களில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பெட்டியில் அதன் மேல் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பத்து நிமிஷம் விட்டு, அதன் பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கும்போது பவர் போர்டின் மேல் படாதபடி தடித்த அட்டையால் ஒரு தடுப்பு வைத்துக்கொள்வது நல்லது.

டிஸ்க் போட்டதும் உள்ளே நடப்பது

இந்த வரிசை மனதில் இருந்தால் கோளாறில் பாதியைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம்.

சிடியைப் படிப்பது உள்ளிருந்து வெளியே. அதனால் பவர் வந்ததும் பிக்கப் முதலில் நடுமையத்தை நோக்கி நகரும். அங்கே சின்ன லிமிட் ஸ்விட்ச் ஒன்று இருக்கும், அதைத் தொட்டதும் நிற்கும். அப்புறம் லேசர் எரியும், லென்ஸ் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஏறி இறங்கும். டிஸ்க்கின் பரப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவது அது. ஃபோகஸ் கிடைத்ததும் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும். (சில மாடல்கள் தேடும்போதே டிஸ்க்கை மெல்ல உதைத்து விடும்.) பிறகு பாதையைப் பிடித்து, டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள பொருளடக்கத்தைப் படித்து, எத்தனை பாட்டு, எவ்வளவு நேரம் என்று திரையில் காட்டும்.

எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். டிரேயில் டிஸ்க் இல்லாமல் மூடினாலும் பெரும்பாலான பிளேயர்கள் லென்ஸை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கும். அப்போது பக்கவாட்டில் நின்று கவனிக்கலாம்.

பிக்கப் நடுவில் போய் முட்டிக்கொண்டு ‘கர்ர் கர்ர்’ என்று கியர் பல்லைக் கடிக்கிறது என்றால், லிமிட் ஸ்விட்சின் முனை அழுக்கேறியிருக்கும். லேசருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிக்கப் நகரவே இல்லை என்றால் பழைய கிரீஸ் கெட்டியாகி இறுகியிருக்கலாம், அல்லது நகர்த்தும் மோட்டார் போயிருக்கலாம். லென்ஸ் அசையவே இல்லை என்றால் ரிப்பன் கேபிளையும் சாக்கெட்டையும் பாருங்கள். அசைகிறது, ஆனால் எந்தக் கோணத்திலும் சிவப்புப் புள்ளி இல்லை என்றால் லேசர் மேல் சந்தேகம் உறுதியாகிறது. அசைகிறது, ஒளியும் இருக்கிறது, ஆனால் டிஸ்க் சுற்றவில்லை என்றால் லென்ஸில் அழுக்கு, ஒளி மங்கிய லேசர், சுற்றும் மோட்டார் ஆகிய மூன்றும் பட்டியலில் வரும்.

சுற்றும் மோட்டார் கொஞ்சம் தந்திரமானது. சிடி எந்த இடத்திலும் ஒரே நேர்கோட்டு வேகத்தில், அதாவது வினாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அதனால் நடுப்பக்கத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி ஓரத்தில் சுமார் 200 சுற்று. பிரஷ் தேய்ந்த மோட்டார் அதிக வேகம் கேட்கும் தொடக்கத்தில்தான் முதலில் திணறும். முதல் இரண்டு பாட்டு தாண்டித் தாண்டிப் போகிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றால் லேசரை விட்டுவிட்டு மோட்டாரைப் பாருங்கள். கடைசிப் பாட்டுகளில் மட்டும் தகராறு என்றால் பிக்கப் ஓடும் கம்பியின் வெளி முனையில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் செலவில்லாத சோதனைகள்

சோதனைக்குக் கடையில் வாங்கிய, கீறல் இல்லாத ஒரிஜினல் சிடியையே பயன்படுத்துங்கள். எழுதக்கூடிய சிடி கொஞ்சம் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் வகை இன்னும் மோசம், ஒரிஜினல் திருப்புவதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பழைய பிளேயர் அதைப் படிக்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை. அதே சமயம், நேற்றுவரை எழுதிய சிடிகளைப் படித்துக்கொண்டிருந்த பிளேயர் இன்று ஒரிஜினலை மட்டும்தான் படிக்கிறது என்றால், லென்ஸ் அழுக்காகியிருக்கும் அல்லது லேசர் இறங்குமுகத்தில் இருக்கும்.

லென்ஸைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், புதுக் காட்டன் பட்ஸ். பட்ஸ் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதன் மேல் மெல்லிய பூச்சும் உண்டு. அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள். மேலிருந்து அழுத்தாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக ஒரே சுற்று, உடனே உலர்ந்த முனையால் இன்னொரு சுற்று. விரலில் வரும் அழுத்தம் ஒரு காகிதத் துண்டை மேஜையில் நகர்த்தும் அளவுக்கு மேல் போகக் கூடாது. பிரஷ் ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ டிஸ்க்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த வேகத்தில் பிரஷ் லென்ஸில் மோதுவதைத் திறந்த பிளேயரில் ஒருமுறை பார்த்தால் போதும்.

டிரே திறக்கவில்லை, அல்லது மூடியதும் டிஸ்க் வழுக்குகிறது என்றால் பழைய ரப்பர் பெல்ட்டும் டிஸ்க்கை மேலிருந்து பிடிக்கும் காந்த வட்டும்தான் முதல் குற்றவாளிகள்.

மீட்டர் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். லென்ஸையும் மோட்டார்களையும் கட்டுப்படுத்தும் சர்வோ போர்டுக்கு வரும் வோல்டேஜ்களை சர்வீஸ் மேனுவலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் நாலரை வந்தால் எந்தப் பிக்கப்பும் ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது. லென்ஸை மேலும் கீழும் அசைக்கும் ஃபோகஸ் காயிலும் பக்கவாட்டில் அசைக்கும் டிராக்கிங் காயிலும் சில ஓம் காட்டினால் கம்பி அறுபடவில்லை என்று அர்த்தம். ஆனால் இந்த ஓம் சோதனையை லேசர் டயோடு இருக்கும் முனைகளில் செய்யாதீர்கள்.

சோனியின் பழைய பிக்கப்கள் சிலவற்றின் ஸ்டிக்கரில் ஒரு பயனுள்ள குறிப்பு உண்டு. கடைசி மூன்று இலக்கம் 452 என்று இருந்தால், ஆலையிலிருந்து வரும்போது அந்த லேசர் எடுத்துக்கொண்ட கரன்ட் 45.2 மில்லி ஆம்பியர். லேசரோடு தொடரில் இருக்கும் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வோல்டேஜ் அளந்தால் இப்போதைய கரன்ட் தெரியும். ரெசிஸ்டர் 22 ஓம், வோல்டேஜ் 1 என்றால் சுமார் 45 மில்லி ஆம்பியர். இது ஸ்டிக்கர் எண்ணைவிட வெகுவாக ஏறியிருந்தால், அதே ஒளியைத் தர லேசர் திணறுகிறது என்று பொருள். சரி, இப்போது பிக்கப் வாங்கலாம்.

பிக்கப்பின் பக்கத்தில் பொடி ஸ்க்ரூ போல் ஒரு வேரியபிள் ரெசிஸ்டர் இருக்கும். ‘அதைக் கொஞ்சம் திருப்பினால் படிக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். படிக்கலாம், சில வாரங்களுக்கு. லேசர் பவரை ஏற்றிவிட்டால் மிச்சமிருக்கும் ஆயுளும் வேகமாகத் தீரும். புதிய பிக்கப்பில் அதைத் தொடவே கூடாது, ஆலையில் அந்த ஒரு லேசருக்கென்றே சரிசெய்து அனுப்பியது அது.

எது என்று கண்டுபிடித்து வாங்குவது

பிளேயரின் பிராண்ட் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பிக்கப் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். சோனியின் கே.எஸ்.எஸ் வரிசை, சான்யோவின் எஸ்.எஃப் வரிசை, பிலிப்ஸின் சி.டி.எம், வி.ஏ.எம் வரிசைகள். விலை உயர்ந்த ஹை-ஃபை பிளேயருக்குள் சாதாரண மினி செட்டில் இருக்கும் அதே பிக்கப் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

எண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி எழுத்து உட்பட. சோனியின் கே.எஸ்.எஸ்-213 பி, சி, எஃப் என்று பல வடிவங்களில் வரும், பொருத்தும் பகுதி ஒன்றுக்கொன்று மாறுபடலாம். சான்யோவின் எஸ்.எஃப்-பி101என் 15 பின்னிலும் உண்டு, 16 பின்னிலும் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றி வாங்கினால் பயனில்லை. ரிப்பன் கேபிளின் பின்களை எண்ணிவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பிலிப்ஸின் பழைய சி.டி.எம் வகைகளில் நேராக நகரும் பிக்கப் கிடையாது. ஒரு கை போல வில் வடிவில் அசையும் அமைப்பு. அவை இப்போது புதிதாகத் தயாராவதில்லை, வேறொரு பழைய பிளேயரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பிக்கப்பை மட்டும் வாங்குவதா, மோட்டார்களும் அடித்தட்டும் சேர்ந்த முழு மெக்கானிசம் வாங்குவதா? கிடைத்தால் முழு மெக்கானிசத்தையே வாங்குங்கள் என்பேன். சோனியில் கே.எஸ்.எம் என்று தொடங்கும் எண் அப்படிப்பட்டது. லேசர் தேய்ந்திருக்கும் பிளேயரில் சுற்றும் மோட்டாரும் அதே வயசுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். டிஸ்க் உட்காரும் தலை, மேலே காந்த வட்டு வரும் வகையா, டிஸ்க்கை நாமே அழுத்திப் பொருத்தும் மூன்று குண்டு வகையா என்று பாருங்கள். டிரே உள்ள பிளேயருக்கு முதல் வகைதான் வேண்டும்.

போலியும், பழையதைத் துடைத்துப் புதிதென்று விற்பதும் இந்தச் சந்தையில் சகஜம். வந்ததும் பையைத் திறக்காமலே பாருங்கள். நிலைமின்சாரம் தடுக்கும் பையில் இல்லாமல் சாதாரண பிளாஸ்டிக்கில் சுற்றி வந்திருந்தால் திருப்பி அனுப்பலாம். ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றித் தேய்ந்த தடம், கம்பி ஓடும் துளையில் பழைய கிரீஸ், லென்ஸ் விளிம்பில் பசை வழிந்திருப்பது, இவை ஏற்கெனவே ஓடியதற்கான அடையாளங்கள்.

கழற்றுவது

தேவைப்படுபவை: நல்ல முனையுள்ள ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர்கள், முறுக்குக் குறடு, எர்த் உள்ள மெல்லிய முனை சால்டரிங் அயர்ன், சால்டர் உறிஞ்சும் செப்பு நாடா, நிலைமின்சாரத்தை இறக்கும் மணிக்கட்டுப் பட்டை, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் வெள்ளை கிரீஸ், போன் கேமரா. மணிக்கட்டுப் பட்டை உண்மையிலேயே தேவையா என்று கேட்காதீர்கள். நமக்கு ‘சுளீர்’ என்று உணரவே தெரியாத நிலைமின்சாரம் லேசர் டயோடைச் சாகடிக்கும். அல்லது அதைவிட மோசமாக, பாதி சாகடிக்கும். அப்படிப்பட்ட பிக்கப் சில மாதம் ஓடிவிட்டு ஒளி மங்கும். பட்டையை பவர் இல்லாத பெட்டியில் வேலை செய்யும்போது மட்டும் போடுங்கள்.

பவர் இருக்கும்போதே டிரேயை வெளியே எடுத்து, அதன் முன்பட்டையை மேல்நோக்கித் தள்ளிக் கழற்றிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. டிரே வராவிட்டால் அடியில் உள்ள கியரை விரலால் சுற்றியே திறக்க வேண்டும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். கேபிள் எந்தப் பக்கம் மடிந்து போகிறது, எந்த முகம் மேலே என்று தெரியும்படி எடுங்கள்.

மெக்கானிசம் நான்கு ரப்பர் புஷ்களில், சிலவற்றில் ஸ்பிரிங்கும் சேர்த்து, மிதந்துகொண்டிருக்கும். முன்பக்க ரப்பரும் பின்பக்க ரப்பரும் ஒரே நிறத்தில் இல்லை என்றால் கெட்டித்தன்மையும் வேறு, கலந்துவிடாதீர்கள். ரப்பர் பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ரிப்பன் கேபிளை உருவும் முன் ஒரு காரியம். பழைய பிக்கப்பின் சின்ன போர்டில் அருகருகே இரண்டு செப்புத் திட்டுகள் இருக்கும், அவற்றின் மேல் ஒரு துளி சால்டர் வைத்து இணைத்துவிடுங்கள். லேசரின் முனைகளை ஒன்றாக்கிப் பாதுகாக்கும் பாலம் அது. பழையது நிரபராதி என்று பிறகு தெரியவந்தால் உயிரோடு இருக்கும்.

புதியதைப் பொருத்துவது

சுற்றும் மோட்டாரையோ அதன் தலையையோ மட்டும் மாற்றுவதாக இருந்தால், கழற்றும் முன் டிஸ்க் உட்காரும் தட்டு அடித்தகட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதுங்கள். புதிய தலையை அதே உயரத்தில்தான் அழுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் லென்ஸால் எட்டிப் பிடிக்க முடியாமல் போகும், அல்லது டிஸ்க் எதிலாவது உரசும்.

பிக்கப்பை மட்டும் மாற்றினால் அது ஓடும் எஃகுக் கம்பியை உருவி, ஆல்கஹாலில் துடைத்து, புதியதில் செருகுங்கள். கம்பிக்கு ஒரு மெல்லிய படலம் கிரீஸ் போதும். துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெய்களை இங்கே அடிக்க வேண்டாம், அவை பரவி லென்ஸில் படியும். சில பிக்கப்களின் பல்பட்டை இரண்டு அடுக்காக, நடுவே சின்ன ஸ்பிரிங்கோடு இருக்கும். அதைக் கியரில் சேர்க்கும்போது மேலடுக்கை ஒரு பல் அளவு தள்ளிப் பிடித்தபடியே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் ஆட்டம் போடும். சேர்த்த பின் கியரை விரலால் சுற்றி, பிக்கப் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிக்காமல் போகிறதா என்று பாருங்கள்.

இனி இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் ரிப்பன் கேபிளை பிக்கப்பிலும் போர்டிலும் முழுதாகச் செருகுங்கள். நேராக, கடைசிவரை. பூட்டுள்ள சாக்கெட் என்றால் பூட்டைத் தூக்கிய பிறகு செருகி, அமுக்குங்கள். அதன் பிறகுதான் புதிய பிக்கப்பில் இருக்கும் சால்டர் பாலத்தை எடுக்க வேண்டும். செப்பு நாடாவை மேலே வைத்து, சூடான அயர்னை இரண்டு மூன்று வினாடி தொட்டு எடுத்தால் துளி நாடாவில் ஏறிவிடும். பூதக்கண்ணாடியில் பாருங்கள், இரண்டு திட்டுகளுக்கும் நடுவே பச்சைக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். முடி போல ஒரு சால்டர் இழை மிச்சமிருந்தாலும் லேசர் எரியாது. ‘புதுப் பிக்கப்பும் செத்து வந்திருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இந்தப் பாலத்தை எடுக்காதவையும் சேர்த்தி. எல்லா மாடலிலும் பாலம் இருக்காது. இல்லாவிட்டால் தேடித் தேடி எதையாவது சுரண்ட வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

லென்ஸை மூடியிருக்கும் படலமோ, பிக்கப்பை நகராமல் பிடிக்கும் ஒட்டுத்தாளோ இருந்தால் எடுத்துவிடுங்கள். முதலில் டிஸ்க் இல்லாமல் பவர் கொடுத்து முன்பு சொன்ன வரிசையைப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் டிஸ்க் போடுங்கள். மேலிருந்து அழுத்தும் காந்த வட்டு மூடியோடோ மேல்பாலத்தோடோ வருவதால் அது இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் பறக்கும்.

தொண்ணூறுகளின் பின்பாதிக்கு மேல் வந்த பெரும்பாலான பிளேயர்கள் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தாங்களே சரிசெய்துகொள்ளும். அதற்கு முந்தையவற்றில் சர்வோ போர்டில் ஃபோகஸ், டிராக்கிங் என்று பெயர் எழுதிய திருகிகள் இருக்கும். தொடுவதற்கு முன் ஒவ்வொன்றின் இப்போதைய நிலையையும் மார்க்கரால் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆசிலோஸ்கோப் (சிக்னலின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிடைத்தால் ஆர்.எஃப் என்று எழுதிய டெஸ்ட் பாயிண்டில் வையுங்கள், டிஸ்க்கிலிருந்து படிக்கும் சிக்னல் அங்கேதான் வரும். பல வைரங்கள் பின்னிய வலை போன்ற அலை, பெரும்பாலான சோனி வகைகளில் உச்சிக்கு உச்சி 1 வோல்ட்டை ஒட்டி வரும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நடுவில் உள்ள வைரங்கள் தெளிவாகவும் காலியாகவும் இருந்தால் ஃபோகஸ் சரி. ஆசிலோஸ்கோப் இல்லாமல் இந்தத் திருகிகளைக் காதால் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

பிறகு எழுபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் டிஸ்க் ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை விடுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்கும், அங்கிருந்து திரும்பவும் தாவச் சொல்லுங்கள். இரண்டு வினாடியில் தாவினால் நல்லது, தயங்கித் தயங்கித் தேடினால் கம்பியையும் கியரையும் மறுபடி பாருங்கள். சூடேறிய பிறகு மட்டும் தாண்டினால் மோட்டாரோ அதை ஓட்டும் ஐ.சி.யோதான்.

உள்ளே கம்ப்யூட்டர் டிரைவ் இருந்தால்

சிடியைப் படித்து ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கும் மியூசிக் சர்வர்கள், டிவிடியும் படிக்கும் சில பிளேயர்கள் ஆகியவற்றில் உள்ளே இருப்பது கம்ப்யூட்டரின் டிரைவ்தான். வேலை சுலபம், பிக்கப்பைத் தொடவே வேண்டாம், முழு டிரைவை மாற்றினால் போதும். இணைப்பு ஐ.டி.இ-யா (பழைய அகலமான கேபிள்), சாட்டாவா (புதிய ஒடுக்கமான கேபிள்) என்று பாருங்கள். மெல்லிய வகை என்றால் தடிமன் 12.7 மில்லிமீட்டரா 9.5-ஆ என்று அளந்துகொள்ளுங்கள். மெல்லிய சாட்டா டிரைவின் பவர் முனை சாதாரண சாட்டா முனையைவிடச் சிறியது, அதற்கு 5 வோல்ட் மட்டும் போதும். ஐ.டி.இ என்றால் பழையதில் மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் எதில் ஜம்பர் (பின்களை இணைக்கும் பொடித் தொப்பி) இருக்கிறதோ அதையே புதியதிலும் வையுங்கள். சில சாதனங்கள் குறிப்பிட்ட மாடல் டிரைவை மட்டுமே அடையாளம் காணும், அதனால் முதலில் அதே எண்ணைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய பிக்கப்பை உடனே குப்பையில் போட வேண்டாம். பாலம் வைத்தபடியே புதியது வந்த பையில் போட்டு, எந்த பிளேயர், எந்த வருஷம், என்ன கோளாறு என்று மேலே எழுதி வையுங்கள். அதன் கம்பியும் கியரும் ஸ்பிரிங்கும் இன்னொரு நாள் தேவைப்படும்.